ஐஜிஎஃப்எக்ஸ்-ஈஎம் என்ற பின்னணி நிரல் வைரஸா? எப்படிச் சரிபார்ப்பது?

நீங்கள் கேட்டது இது: சில ஆண்டுகள் பழைய மடிக்கணினி ஒன்றில் விண்டோஸ் 10 ஓடுகிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ‘ஐஜிஎஃப்எக்ஸ்-ஈஎம் மாட்யூல்’ என்ற பெயரில் ஒரு நிரலும், அதே முன்னெழுத்துகளோடு வேறு இரண்டு நிரல்களும் பின்னணியில் இருக்கின்றன, நீங்கள் எதையும் நிறுவவில்லை, கணினியும் அண்மைக் காலமாக மெதுவாக இருக்கிறது. இவை தீநிரல்களா, முடித்துவிடலாமா, கோப்பையே அழித்துவிடலாமா என்பது கேள்வி.

பெரும்பாலும் இவை தீநிரல்கள் அல்ல. இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவரோடு (திரைக் காட்சியை உருவாக்கும் பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளோடு) சேர்ந்தே வருகிற துணை நிரல்கள் இவை. இன்டெல் செயலி உள்ள பெரும்பாலான பழைய மடிக்கணினிகளில் இவற்றைக் காணலாம். ஆனால், இந்தப் பெயரை இணையத்தில் தேடி, ‘பாதுகாப்பானது’ என்று யாரோ எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியடைவதில் பொருளில்லை. ஒரு கோப்புக்கு எந்தப் பெயரையும் யாரும் வைக்கலாம். தீநிரல் எழுதுபவர்களும் அந்தப் பெயர்ப் பட்டியல்களைப் படித்துவிட்டுத்தான் தங்கள் நிரலுக்குப் பெயர் வைக்கிறார்கள். ஆகவே பெயரை விட்டுவிட்டு, கோப்பு எங்கே இருக்கிறது, அதில் யாருடைய டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது, அதைத் தொடங்கி வைத்தது எது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேர்த்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லும்போதுதான் தவறு நேர்கிறது. அதற்கு உண்மையான எடுத்துக்காட்டுகள் கீழே வருகின்றன.

முதலில் இந்த நிரல் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்து இன்டெல் டிரைவர்கள் மூன்று சிறு நிரல்களைக் கணினி தொடங்கும்போதே ஓட வைத்தன. கடிகாரத்துக்குப் பக்கத்தில் படம் காட்டுகிற ‘ஐஜிஎஃப்எக்ஸ்-ட்ரே’, குறுக்குவிசைகளைக் கவனிக்கிற ‘எச்கேசிஎம்டி’, திரை அமைப்புகளை நினைவில் வைத்திருக்கிற ‘ஐஜிஎஃப்எக்ஸ்-பெர்ஸ்’ என்பவை அவை. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியின் ‘ரன்’ பகுதியில் இவற்றுக்கு நேரடிப் பதிவுகள் இருந்தன. பின்னர் வந்த டிரைவர்களில் இந்த முறை மாறியது. ‘ஐஜிஎஃப்எக்ஸ்-சியூஐ-சர்வீஸ்’ என்ற விண்டோஸ் சேவை கணினியோடு சேர்ந்து தொடங்குகிறது. ஒரு பயனர் உள்நுழைந்ததும், அவருடைய திரைக்காக ஈஎம், எச்கே, ட்ரே ஆகிய நிரல்களைத் தொடங்கி வைக்கிறது. நீங்கள் கண்ட மூன்று நிரல்கள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவைதான். கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு அம்புக்குறியை அழுத்தினால் சில கணினிகளில் திரை தலைகீழாகத் திரும்பிவிடுமே, அதைச் செய்வது இந்த எச்கே நிரல்தான். வீட்டில் குழந்தைகள் விசைப்பலகையைத் தட்டிவிட்டுத் திரை கவிழ்ந்துவிட்டால் அதற்கும் வைரஸைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. அதே விசைகளோடு மேல் அம்புக்குறியை அழுத்தினால் நேராகிவிடும்.

சரிபார்ப்பதற்கு முன்னால் ஒரு எளிய கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் கணினியில் இன்டெல் கிராஃபிக்ஸ் இருக்கிறதா? ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கி டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ என்பதன் கீழ் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே இன்டெல் யூஎச்டி, இன்டெல் எச்டி, ஐரிஸ் என்று ஏதாவது இருந்தால் ஐஜிஎஃப்எக்ஸ் நிரல்கள் இருப்பது இயல்பு. ஏஎம்டி ரைசன் செயலி கொண்ட கணினியிலோ, ஐ5-12400எஃப் போல எஃப் என்ற எழுத்தில் முடிகிற, உள்ளே கிராஃபிக்ஸ் இல்லாத இன்டெல் செயலி கொண்ட மேசைக்கணினியிலோ இந்த நிரல் ஓடினால், அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டியதாகிறது. பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் மாட்டியிருந்தால் பழைய டிரைவரின் எச்சமாக இருக்கலாம். அப்படி எதுவும் செய்யவில்லையென்றால் சந்தேகத்துக்கு நல்ல காரணம் இருக்கிறது. பலரும் இந்தக் கேள்வியைக் கேட்காமலே வைரஸ் ஸ்கேனரைத் தேடி ஓடுகிறார்கள்.

இனி இடத்துக்கு வருவோம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘டீடெய்ல்ஸ்’ பகுதிக்குப் போய், அந்த நிரலின் மேல் வலது சொடுக்கி ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய டிரைவர் என்றால் சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் சிஸ்டம்32 திறக்கும். 2018 இறுதியிலிருந்து வரும் புதிய வகை டிரைவர் என்றால், அந்தச் சிஸ்டம்32-க்குள்ளேயே ‘டிரைவர்ஸ்டோர்’, அதற்குள் ‘ஃபைல்ரெபாசிட்டரி’, அதற்குள் நீண்ட பெயர் கொண்ட ஒரு கோப்புறை திறக்கும். அந்தக் கோப்புறையின் பெயர் டிரைவரை நிறுவும் விவரங்கள் கொண்ட ஒரு ஐஎன்எஃப் கோப்பின் பெயரில் தொடங்கி, ஏஎம்டி64 என்று தொடர்ந்து, எழுத்தும் எண்ணும் கலந்த, படிக்க முடியாத ஒரு நீண்ட வாலில் முடியும். இந்த வாலைப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் நிறையப் பேர். ஒரே டிரைவரின் பல பதிப்புகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க விண்டோஸ் தானே இட்டுக்கொள்கிற அடையாளம் அது. இன்டெல் டிரைவரின் பெயரில் ஏஎம்டி64 எப்படி வந்தது என்றும் சிலர் கேட்பார்கள். 64-பிட் கட்டமைப்பை முதலில் வகுத்தது ஏஎம்டி என்பதால் விண்டோஸ் எல்லா 64-பிட் டிரைவர்களையும் அப்படித்தான் குறிக்கிறது. இந்த இரண்டுமே கவலைக்குரியவை அல்ல.

கவலைக்குரிய இடங்கள் வேறு. பயனர் கோப்புறைக்குள் உள்ள ‘ஆப்டேட்டா’, ‘டெம்ப்’, ‘டவுன்லோட்ஸ்’, எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான ‘பப்ளிக்’, ‘புரோகிராம்டேட்டா’வுக்குள் புதிதாக முளைத்த ஒரு கோப்புறை ஆகியவற்றில் ஐஜிஎஃப்எக்ஸ் நிரல் இருந்தால் அது இன்டெல் வைத்ததல்ல. காரணம் எளிது: சிஸ்டம்32-இல் எழுதுவதற்கு நிர்வாகி உரிமை வேண்டும், மேற்சொன்ன இடங்களில் அந்த உரிமை இல்லாமலே எழுதலாம். ஒரு மின்னஞ்சல் இணைப்பைத் திறந்ததால் உள்ளே வந்த தீநிரலுக்கு முதலில் கிடைப்பது பயனருடைய உரிமை மட்டுமே என்பதால், அது அந்த எல்லைக்குள்தான் குடியேறும்.

பாதையைப் படிக்கும்போது எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஆங்கிலப் பெரிய ஐ எழுத்தும் சிறிய எல் எழுத்தும் டாஸ்க் மேனேஜர் காட்டும் எழுத்துருவில் ஒரே கோடாகத்தான் தெரியும்; எனவே ஐஜிஎஃப்எக்ஸ் என்று நீங்கள் படிப்பது உண்மையில் எல்-ஜிஎஃப்எக்ஸ் ஆக இருக்கலாம். பெயரை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டி, ஏரியல் அல்லாத, எழுத்துகளை வேறுபடுத்திக் காட்டுகிற கன்சோலாஸ் போன்ற எழுத்துருவில் பார்த்தால் குட்டு வெளிப்படும். இதைவிட நுட்பமான ஒரு தந்திரமும் உண்டு. விண்டோஸ் என்ற கோப்புறைப் பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளியைச் சேர்த்து, அதற்குள் சிஸ்டம்32 என்று இன்னொன்றை உருவாக்கிவிட முடியும். கண்ணுக்கு அது அசல் சிஸ்டம்32 போலவே தோன்றும். தீநிரல்கள் இதை உண்மையாகவே பயன்படுத்தியிருக்கின்றன. சி டிரைவைத் திறந்து பார்க்கும்போது விண்டோஸ் என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் தெரிந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

இடம் சரியாக இருந்தாலும், நிர்வாகி உரிமை பெற்றுவிட்ட தீநிரல் சிஸ்டம்32-க்குள்ளும் போய் உட்கார முடியும் என்பதால், அடுத்ததாகக் கையொப்பத்தைப் பார்க்க வேண்டும். இந்தப் படியில்தான் நான் அதிகமாகத் தவறான முடிவுகளைக் கண்டிருக்கிறேன், இரண்டு திசையிலும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிஜிட்டல் கையொப்பம் இரண்டு விஷயங்களை உறுதிசெய்கிறது: இந்தக் கோப்பை வெளியிட்டவர் யார், வெளியிட்ட பிறகு ஒரு பைட்டாவது மாறியிருக்கிறதா என்பவை. கோப்பின் மேல் வலது சொடுக்கி ‘புராப்பர்ட்டீஸ்’ போய், ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்ற தாவலைத் திறந்தால் கையொப்பமிட்டவரின் பெயர் தெரியும். இன்டெல்லின் பெயரோ, அதோடு பிஜிஎஃப்எக்ஸ் என்ற பிரிவின் பெயரோ, ‘மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் ஹார்ட்வேர் கம்பேட்டிபிலிட்டி பப்ளிஷர்’ என்ற பெயரோ இருக்கலாம். கடைசியாகச் சொன்னது, டிரைவர் மைக்ரோசாஃப்ட்டிடம் சமர்ப்பிக்கப்பட்டு அதன் கையொப்பத்தைப் பெற்றிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. ‘டீடெய்ல்ஸ்’ பொத்தானை அழுத்தி, கையொப்பம் செல்லுபடியாகும் என்ற வாசகம் வருகிறதா என்பதையும் பாருங்கள். பெயர் மட்டும் இருந்தால் போதாது. அதே சாளரத்தின் ‘டீடெய்ல்ஸ்’ தாவலில் நிரலின் விளக்கம், பதிப்புரிமை என்றெல்லாம் எழுதியிருப்பதை நம்பவே வேண்டாம். அவை நிரலை எழுதுபவர் விருப்பப்படி நிரப்புகிற வெற்றுச் சொற்கள். அங்கே இன்டெல் கார்ப்பரேஷன் என்று எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அந்தத் தாவலே இல்லையென்றால்? அப்போதும் கோப்பு போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டிரைவர் தொகுப்புகளில் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் கையொப்பத்தை வைக்காமல், எல்லாக் கோப்புகளின் ஹேஷ் மதிப்புகளையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற அடையாளம்) ‘கேட்டலாக்’ எனப்படும் தனிக் கோப்பு ஒன்றில் பட்டியலிட்டு, அந்தப் பட்டியலுக்கு மட்டும் கையொப்பமிடும் வழக்கம் உண்டு. விண்டோஸுடன் வரும் பல கோப்புகளும் இப்படித்தான் கையொப்பமிடப்பட்டிருக்கின்றன. புராப்பர்ட்டீஸ் சாளரத்துக்கு அந்தப் பட்டியலைத் தேடிப் பார்க்கத் தெரியாது. அதனால் முற்றிலும் அசலான கோப்பிலும் தாவல் இல்லாமல் போகும். கேட்டலாக்கையும் சேர்த்துச் சரிபார்க்கிற கருவி வேண்டும். அதற்கு மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ‘புராசஸ் எக்ஸ்ப்ளோரர்’ போதுமானது. இலவசம், நிறுவவும் வேண்டாம், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி நிர்வாகியாகத் திறந்தால் ஓடும். அதன் ‘ஆப்ஷன்ஸ்’ பட்டியலில் ‘வெரிஃபை இமேஜ் சிக்னேச்சர்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு நிரலுக்கும் எதிரே வெரிஃபைடு என்ற சொல்லோடு வெளியீட்டாளரின் பெயர் வரும். சரிபார்க்க முடியாதவை தனியே தெரியும்.

இன்னொரு தேவையற்ற பயம், கையொப்பமிடப் பயன்படும் சான்றிதழின் காலாவதித் தேதி. 2016-இல் கையொப்பமிட்ட டிரைவரின் சான்றிதழ் 2018-இல் முடிந்திருக்கலாம். கையொப்பமிட்ட நேரத்தை நம்பகமான மூன்றாம் தரப்பு ஒன்று முத்திரையிட்டிருந்தால், சான்றிதழ் பின்னர் காலாவதியானாலும் அந்தக் கையொப்பம் செல்லும். தேதி கடந்துவிட்டது என்பதற்காகப் பழைய மடிக்கணினியின் டிரைவரை அழித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் செல்லுபடியாகும் கையொப்பம் இருந்தாலே பாதுகாப்பு என்று சொல்லிவிடவும் முடியாது. கிராஃபிக்ஸ் உலகிலேயே இதற்கு இரண்டு நல்ல சான்றுகள் இருக்கின்றன. 2022 பிப்ரவரியில் லாப்சஸ் என்ற கும்பல், கிராஃபிக்ஸ் அட்டைகளை உருவாக்கும் என்விடியா நிறுவனத்தின் வலையமைப்புக்குள் புகுந்து கோப்புகளைத் திருடியது. வெளியே கசிந்தவற்றில் நிரல்களுக்குக் கையொப்பமிடும் இரண்டு சான்றிதழ்களும் இருந்தன. ஒன்று 2014-லும் மற்றது 2018-லும் காலாவதியானவை. இருந்தும் சில நாட்களுக்குள் என்விடியாவின் பெயரில் கையொப்பமிட்ட தீநிரல்கள் தென்படத் தொடங்கின. பழைய டிரைவர்கள் ஓடுவது நின்றுவிடக் கூடாது என்பதற்காக, 2015 ஜூலை 29-க்கு முன் வழங்கப்பட்ட சான்றிதழ்களுக்கு விண்டோஸ் வைத்திருந்த விலக்கு அவற்றுக்குச் சாதகமாக அமைந்தது.

இரண்டாவது சான்று, என் கணிப்பில், வீட்டுக் கணினி வைத்திருப்பவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது. ப்ளக்எக்ஸ் என்ற உளவுத் தீநிரல் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதைப் பரப்பியவர்கள் போலி நிரல் எதையும் எழுதவில்லை. என்விடியாவின் ‘என்வி-ஸ்மார்ட்’ என்ற அசல் நிரலையும், வேறு தாக்குதல்களில் மேலே சொன்ன இன்டெல்லின் ‘எச்கேசிஎம்டி’ நிரலையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒரு விண்டோஸ் நிரல் தொடங்கும்போது தனக்கு வேண்டிய டிஎல்எல் கோப்புகளை (நிரல்கள் ஏற்றிப் பயன்படுத்தும் துணைக் கோப்புகளை) பொதுவாக முதலில் தான் இருக்கும் கோப்புறையிலேயே தேடும். ஆகவே அசல் நிரலைப் புதிய கோப்புறை ஒன்றில் வைத்து, அது தேடுகிற டிஎல்எல்லின் பெயரில் தங்கள் தீநிரலை அதன் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும். அசல் நிரலே தீநிரலைத் தன் நினைவகத்துக்குள் ஏற்றிக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் தெரிவது இன்டெல்லின் நிரல். கையொப்பமும் இன்டெல்லுடையது, செல்லுபடியானது. வைரஸ் தடுப்பு நிரலுக்கும் அந்த எக்ஸ்இ கோப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிடிபடுவது எங்கே? இடத்தில்தான். சிஸ்டம்32-இல் இருக்க வேண்டிய எச்கேசிஎம்டி, புரோகிராம்டேட்டாவுக்குள் ஏதோ ஒரு கோப்புறையில், முன்பின் தெரியாத டிஎல்எல் ஒன்றோடு தனியாக இருக்கும். வீட்டுக்காரருடைய அசல் சாவியைத் திருடிக்கொண்டு வந்தவனைப் பூட்டு தடுக்காது. அவன் எந்த நேரத்தில் எந்த வாசலில் நிற்கிறான் என்பதைக் கவனித்தால்தான் உண்டு. இடமும் கையொப்பமும் ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னதன் காரணம் இதுவே.

மூன்றாவது, நிரலைத் தொடங்கி வைத்தது எது என்பது. புராசஸ் எக்ஸ்ப்ளோரர் நிரல்களை மரக்கிளை போலக் காட்டுவதால் எது எதைத் தொடங்கியது என்று தெரியும். ஐஜிஎஃப்எக்ஸ்-ஈஎம் ஒரு கிளையிலும் சேராமல் பட்டியலின் அடியில் தனியே நின்றால், அதைத் தொடங்கிய நிரல் முடிந்துவிட்டது என்றுதான் பொருள். அதை மட்டும் வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். வேர்ட், எக்செல், கட்டளைத் தொகுப்புகளை ஓட்டுகிற பவர்ஷெல், டபிள்யூஸ்கிரிப்ட் ஆகியவற்றின் கீழ் அது தொங்கினால் சந்தேகப்படுங்கள். கிராஃபிக்ஸ் டிரைவரின் துணை நிரலை வேர்ட் தொடங்கி வைக்க எந்த நியாயமும் இல்லை. அடுத்து, சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பிலேயே உள்ள ‘ஆட்டோரன்ஸ்’ என்ற கருவியில், கணினி தொடங்கும்போது ஓடுகிற எல்லாவற்றையும் பாருங்கள். அசல் இன்டெல் நிரல் ஒரு சேவையாகவோ, பழைய டிரைவர் என்றால் ரன் பதிவாகவோ இருக்கும். அதே பெயரில் டாஸ்க் ஷெட்யூலரில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓடும்படி ஒரு பணி பதிவாகியிருந்தால், அதுவும் அது சுட்டுகிற கோப்பு ஆப்டேட்டாவில் இருந்தால், அது தீநிரல்தான், மேற்கொண்டு ஆராய வேண்டியதே இல்லை.

கணினி மெதுவாகிறது என்ற உங்கள் குறைக்கு வருகிறேன். ஐஜிஎஃப்எக்ஸ்-ஈஎம் இயல்பாகச் சிபியூவில், அதாவது செயலியில், ஏறத்தாழ எதையும் எடுத்துக்கொள்ளாது. நினைவகத்திலும் அது பிடிக்கிற இடம் ஒரே ஒரு பிரவுசர் தாவலைவிடக் குறைவு. இணையத்தோடு பேசவும் அதற்கு வேலை இல்லை. ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ திறந்து நெட்வொர்க் பகுதியில் அது தொடர்ந்து வெளித் தொடர்பு வைத்திருப்பதைக் கண்டால் அது வலுவான அறிகுறி. கிராஃபிக்ஸ் பெயரில் மறைந்திருக்கும் தீநிரல் கிராஃபிக்ஸ் அட்டையைத்தான் சுரண்டிக் கிரிப்டோ நாணயம் தோண்டும் (கணினித் திறனைச் செலவிட்டு நாணயம் ஈட்டும்) என்று பலர் எண்ணுகிறார்கள். எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் தன் முறையை மாற்றிக்கொண்ட பிறகு கிராஃபிக்ஸ் அட்டைகளில் அதைத் தோண்டுவது நின்றுபோனது. பிறர் கணினியில் திருட்டுத்தனமாகப் பதிக்கப்படுகிற சுரங்க நிரல்கள் பெரும்பாலும் மொனேரோ என்ற நாணயத்தைத் தோண்டுகின்றன. அது சிபியூவுக்கு ஏற்றபடி வடிவமைக்கப்பட்டது. எனவே சிபியூ, ஜிபியூ (கிராஃபிக்ஸ் செயலி) இரண்டு நெடுவரிசைகளையும் பாருங்கள். ஜிபியூ நெடுவரிசை விண்டோஸ் 10-இன் 2017 இறுதிப் பதிப்பிலிருந்து டாஸ்க் மேனேஜரில் இருக்கிறது. சில சுரங்க நிரல்கள் டாஸ்க் மேனேஜர் திறந்தவுடனே ஒதுங்கிக்கொள்ளும், மூடியதும் மீண்டும் தொடங்கும். சும்மா இருக்கும்போது இரைகிற விசிறி, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்கிவிடுகிறது என்றால் அதைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

மாறாக, அசல் நிரலே சிபியூவை விழுங்குவதும் நடக்கிறது. விண்டோஸ் பெரிய மேம்படுத்தல் ஒன்றைச் செய்த பிறகு பழைய டிரைவரோடு பொருந்தாமல் போய், ‘ஐஜிஎஃப்எக்ஸ்-ஈஎம் மாட்யூல் வேலை செய்வதை நிறுத்திவிட்டது’ என்ற அறிவிப்பு திரும்பத் திரும்ப வருவது பலர் கண்ட தொல்லை. இது டிரைவர் கோளாறு. டிரைவரை மீண்டும் நிறுவினால் பெரும்பாலும் தீரும். அதிகச் சிபியூ பயன்பாடு என்பது விசாரிக்கத் தொடங்குவதற்கான காரணம், அவ்வளவுதான். அதையே குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் இருந்தால், ஒரு கோப்பைப் பல வைரஸ் தடுப்பு நிரல்களைக் கொண்டு சோதித்துக் காட்டுகிற வைரஸ்டோட்டல் தளம் உதவும். கோப்பைப் பதிவேற்றுவதற்கு முன் அதன் ஹேஷ் மதிப்பைத் தேடிப் பாருங்கள். புராசஸ் எக்ஸ்ப்ளோரரின் ஆப்ஷன்ஸ் பட்டியலிலேயே இதற்கான வசதி இருக்கிறது, கோப்பை அனுப்பாமல் ஹேஷை மட்டும் அனுப்பி விடையைக் காட்டும். பதிவேற்றிய கோப்புகளை அந்தத் தளத்தின் கட்டணச் சந்தாதாரர்கள் எடுத்துப் பார்க்க முடியும் என்பதால், சொந்த ஆவணங்களை அங்கே ஏற்ற வேண்டாம். டிரைவர் கோப்பு என்றால் பிரச்சினை இல்லை. எழுபது சொச்சம் சோதனை நிரல்களில் அதிகம் அறியப்படாத ஒன்றிரண்டு மட்டும் பொதுப்பெயரில் எச்சரித்து, மற்றவை எல்லாம் மறுத்தால், அது பொய் எச்சரிக்கையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பலரிடமும் உள்ள இன்டெல் டிரைவர் கோப்பின் ஹேஷ் பல ஆண்டுகளுக்கு முன்பே அங்கே பதிவாகியிருக்கும். உங்கள் கோப்பின் ஹேஷை உலகில் வேறு யாரும் பார்த்ததே இல்லை என்று வந்தால், எச்சரிக்கை எண் சுழியாக இருந்தாலும் நான் அதை நம்ப மாட்டேன்.

வேறு கிராஃபிக்ஸ் உள்ள கணினிகளுக்கும் இதே வழிமுறைதான். என்விடியாவின் ‘என்வி-டிஸ்ப்ளே கன்டெய்னர்’ இரண்டு பிரதிகளாக ஓடுவது இயல்பு. ஒன்று சிஸ்டம் கணக்கில் சேவையாக, மற்றது பயனர் திரைக்காக. ஏஎம்டி கணினியில் ஏடிஐ என்று தொடங்கும் நிரல்கள் இருக்கும். 2006-இல் ஏஎம்டி வாங்கிய கனடா நிறுவனத்தின் பெயர் கோப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ‘டிடபிள்யூஎம்’ என்பது விண்டோஸின் சொந்த நிரல். திரையில் தெரியும் சாளரங்களையெல்லாம் ஒன்றுசேர்த்து வரைவது அதன் வேலை. அது சிஸ்டம்32-இல்தான் இருக்க வேண்டும், ‘டிடபிள்யூஎம்-1’ போன்ற தனிக் கணக்கின் கீழ்தான் ஓட வேண்டும். விண்டோஸ் 10-இல் உங்கள் பயனர் பெயரின் கீழ் ஒரு டிடபிள்யூஎம் ஓடினால் அது அசலல்ல.

இனி என்ன செய்வது? மூன்று சோதனைகளிலும் தேறியிருந்தால் கோப்பைத் தொடவே வேண்டாம். சிஸ்டம்32-இலிருந்து கையால் அழிப்பது டிரைவரைக் குலைக்கும். அடுத்த மேம்படுத்தலில் அது திரும்பவும் வந்துவிடும். குறுக்குவிசைகளும் கட்டுப்பாட்டுப் பலகமும் தேவையில்லை என்றால், சர்வீசஸ் பட்டியலில் ‘இன்டெல் எச்டி கிராஃபிக்ஸ் கன்ட்ரோல் பேனல் சர்வீஸ்’ என்பதை மட்டும் முடக்கலாம். திரை வழக்கம்போலவே வேலை செய்யும். பக்கத்திலேயே ‘கன்டென்ட் புரொடெக்‌ஷன் எச்டிசிபி’ என்ற இன்டெல் சேவை இருக்கும். அதை விட்டுவிடுங்கள், காப்புரிமைப் பூட்டு உள்ள படங்களைக் கட்டண ஸ்ட்ரீமிங் தளங்களில் பார்ப்பதற்கு அது தேவைப்படும். வேகம் குறைந்ததற்குக் காரணம் இந்த நிரல் அல்ல என்று தெரிந்தால், டாஸ்க் மேனேஜரில் சிபியூ, நினைவகம், டிஸ்க் என்று ஒவ்வொரு நெடுவரிசையாக வரிசைப்படுத்தி உண்மையான காரணத்தைத் தேடுங்கள். பழைய மடிக்கணினியில் அது பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க் அல்லது 4 ஜிபி நினைவகம்.

டிரைவரைப் புதுப்பிப்பதானால் முதலில் மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் இன்டெல் தளம். சில மடிக்கணினிகளில் தயாரிப்பு நிறுவனம் திருத்தியமைத்த டிரைவர் இருக்கும் என்பதால்தான் இந்த வரிசை. ‘இந்த நிரல் உங்கள் கணினியில் பிழை உண்டாக்குகிறது, எங்கள் கருவியை இறக்கிச் சரிசெய்யுங்கள்’ என்று சொல்கிற தளங்கள் இந்தப் பெயர்களைத் தேடும்போதெல்லாம் முதலில் வந்து நிற்கும். இல்லாத வைரஸுக்குப் பயந்து அந்தக் கருவியை நிறுவியவர்களின் கணினியில்தான் நான் உண்மையான தொல்லையைப் பார்த்திருக்கிறேன்.

சோதனையில் தேறவில்லை என்றால், நிரலை முடிப்பதற்கு முன் அதன் முழுப் பாதையையும், புராசஸ் எக்ஸ்ப்ளோரர் காட்டும் கட்டளை வரியையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடித்த பிறகு அவை கிடைக்காது. இணையத்தைத் துண்டியுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். அது விண்டோஸ் முழுமையாகத் தொடங்குவதற்கு முன்பே சோதிப்பதால், ஓடிக்கொண்டிருக்கும் தீநிரல் அதைத் தடுக்க முடியாது, கால் மணி நேரம் போல ஆகும். அதன் பிறகு ஆட்டோரன்ஸில் மீண்டும் பாருங்கள். அழிந்த கோப்பைச் சுட்டும் பதிவுகள் எஞ்சியிருந்தால் அவற்றையும் நீக்குங்கள். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை அந்தக் கணினியில் அல்லாமல் வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ மாற்றுங்கள். அந்த நிரல் சிஸ்டம்32-க்குள் கையொப்பம் இல்லாமல் உட்கார்ந்திருந்தது என்றால், அது நிர்வாகி உரிமை பெற்றிருந்தது என்று பொருள். அப்போது ஸ்கேனர் ‘சுத்தம்’ என்று சொன்னாலும், ஆவணங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுங்கள்.